வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் ரத்தமும் எதிர்ப்புச் சக்தியும் என்ன ஆகும்?

தங்கச்சிமடம்_வளன் · ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. வயது 61. இளவயதிலிருந்து விசைப்படகில் தங்கல் போனவர், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. குறுக்கில் முதுகெலும்புத் தட்டு விலகி, கால் வரைக்கும் வலி இறங்கிய பிறகு கரையோடு நின்றுவிட்டார். அன்றைக்கு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த டிரமடால் மாத்திரையை இன்றைக்கும் போடுகிறார். முதலில் இரவுக்கு ஒன்று, இப்போது ஒரு நாளைக்கு நாலு. அது கிடைக்காத நாளில் மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் செட் மாத்திரை.

போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து அட்மிட் ஆனார். அது ஆறி இரண்டு மாதத்தில் மறுபடி சளி. காலில் சிப்பி கீறிய புண் ஆறவே மாட்டேன் என்கிறது. சர்க்கரை பார்த்தோம், இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தோம், எல்லாம் நார்மல் என்று எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் "இத்தனை வருஷம் மாத்திரை போட்டா ரத்தம் கெட்டுப் போகும்பா" என்கிறார். உண்மையா? இன்றைக்கே நிறுத்திவிடலாமா?

---

ஏர்வாடி_மூலிகை · ஞாயிறு, இரவு 9:40

தம்பி, இங்கிலீஷ் மருந்து எல்லாமே ரத்தத்தைக் கெடுக்கும். முதலில் நிறுத்து. எங்கள் பக்கம் மூட்டு வலிக்கு ஒரு சூரணம் தருகிறார்கள், மூன்று நாளில் எழுந்து நடக்கிறார்கள். வேண்டுமானால் சொல், வாங்கி அனுப்புகிறேன்.

---

வார்டு_அக்கா · ஞாயிறு, இரவு 10:25

வளன் தம்பி, இன்றைக்கு ராத்திரி எதையும் நிறுத்தாதீர்கள். முதல் வேலை அது. பல வருஷம் நாலு மாத்திரை போட்ட உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் படாத பாடு படும். மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், மயிர் கூச்செறியும், வயிறு போகும், கால் இரண்டும் குடையும், தூக்கம் சுத்தமாகப் போய்விடும். டிரமடாலுக்கு மனச்சோர்வுக்குத் தரும் மருந்து மாதிரி இன்னொரு வேலையும் இருப்பதால், திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் பயமும் சேர்ந்துகொள்ளும். நுரையீரலில் சளி வைத்திருக்கும் 61 வயது மனிதருக்கு அது தேவையில்லாத சோதனை.

நான் பொது மருத்துவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். விவரமாக நாளை டியூட்டி முடிந்து எழுதுகிறேன். அதற்குள் இரண்டு கேள்விக்குப் பதில் போடுங்கள். அந்தச் செட் மாத்திரையில் என்னென்ன இருக்கிறது? அப்பாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா?

ஏர்வாடி அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மூன்று நாளில் எழுந்து நடக்க வைக்கும் சூரணம் என்றால் எனக்கு முதலில் ஸ்டீராய்டு ஞாபகம்தான் வரும். மூலிகை என்று விற்கும் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது எதிர்ப்புச் சக்தியை இந்த வலி மாத்திரையைவிடப் பல மடங்கு அடக்கும். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போய் மருந்தின் பெயரோடு சீட்டு வாங்குவது வேறு விஷயம். அதை நான் குறை சொல்லவில்லை.

---

மருந்தாளுநர்_ராம்நாடு · திங்கள், காலை 7:05

செட் மாத்திரை பற்றி நான் சொல்கிறேன், இதே தொழிலில் இருப்பவன். பெயர் இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தருவதில் வழக்கமாக இருப்பது டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் ஒன்று, வயிற்றுக்கு ரானிடிடின் மாதிரி ஒன்று, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சின்னதாக ஒரு ஸ்டீராய்டு. சில இடங்களில் டிரமடாலும். மக்கள் எல்லாவற்றையும் "வலி மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள். மூன்றும் உடம்பில் செய்வது மூன்று வேலை.

டைக்ளோஃபினாக் வகை வயிற்றில் புண் உண்டாக்கி, மெல்ல ரத்தம் கசிய வைத்து, ரத்தசோகை கொண்டு வரும். சிறுநீரகத்தையும் பார்க்கும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை நேரடியாக அமுக்கும். டிரமடால், கோடீன், மார்ஃபின், டபென்டடால், ஃபென்டனில் இவையெல்லாம் அபின் குடும்பம். வளன் கேட்ட கேள்வி இந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரமடால் அட்டவணை எச்1-இல் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் தரக்கூடாது. யார் எழுதினார், யார் வாங்கினார் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார்கள். அப்படியும் கடலுக்குப் போகிறவன் கேட்டால் நாலு மாத்திரை கிழித்துக் கொடுக்கும் கடைகள் இந்தக் கரையில் இருக்கின்றன. எங்கள் தொழிலுக்கே அது அவமானம்.

---

சின்னப்பாலம்_பாசி · திங்கள், காலை 11:30

எங்கள் அம்மாவும் சித்தியும் பாசி எடுக்கப் போகிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் பாருக்குள், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், குனிந்து குனிந்து எடுப்பார்கள். சாயந்திரம் கரையேறும்போது முதுகு நிமிராது. சித்தி தினமும் ஒரு வலி மாத்திரை போட்டுவிட்டுத்தான் இறங்குகிறார். "போட்டாத்தான் கை ஓடுது" என்பார். பெயர் கேட்டேன், டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. அவருக்கும் காலில் வெட்டுப் பட்டால் சீக்கிரம் ஆறுவதில்லை. இது தண்ணீரில் நிற்பதாலா, மாத்திரையாலா?

---

தங்கச்சிமடம்_வளன் · திங்கள், மதியம் 1:18

அக்கா, மூச்சு வாங்குகிறது. எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். மீசை தாடியெல்லாம் குறைந்துபோய் ஆளே சோர்ந்திருக்கிறார், வயசாகிறது என்று விட்டுவிட்டோம். செட்டில் நாலு மாத்திரை இருக்கிறது, அதில் ஒன்று குட்டியாக வெள்ளை. பெயர் தெரியவில்லை.

---

வார்டு_அக்கா · திங்கள், இரவு 9:50

இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ரத்தம் கெட்டுப் போகும்" என்று பெரியவர் சொன்னது அப்படியே சரி இல்லை, முழுக்கத் தப்பும் இல்லை. அபின் வகை மருந்து எலும்பு மஜ்ஜையைச் சாகடிப்பதில்லை. வெள்ளை அணு உற்பத்தி நிற்பதில்லை. அதனால்தான் வளன் அப்பாவின் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. அந்தப் பரிசோதனை அணுக்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை சரியாக இருக்கும், அந்த அணுக்கள் தங்கள் வேலையைச் செய்கின்றனவா என்பது அதில் தெரியாது. காவல் நிலையத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ரோந்து ஒழுங்காக நடந்ததா என்று சொல்ல முடியாது அல்லவா, அந்த மாதிரி.

வேலை எப்படிக் குறைகிறது? வலி நரம்பில் மார்ஃபின் போய் உட்காரும் அதே வகைப் பூட்டுகள் வெள்ளை அணுக்களின் மேலும் இருக்கின்றன. மருந்து அங்கேயும் உட்காரும். கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் விழுங்குவதைக் குறைக்கின்றன. புண் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவர வேண்டிய நியூட்ரோஃபில்கள் தாமதமாக வருகின்றன. வைரஸ் புகுந்த அணுக்களையும் புற்றணுக்களையும் கொல்லும் இயற்கைக் கொல்லி அணுக்களின் வேகம் குறைகிறது. இது போக மூளை வழியாகவும் ஒரு பாதை உண்டு. மூளையில் மருந்து வேலை செய்ததும், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் பரிவு நரம்புக்கும் சேதி போய், அங்கிருந்து மண்ணீரல் வரைக்கும் எதிர்ப்புச் சக்தியை இழுத்துப் பிடிக்கிறது.

இது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1898-லேயே ருமேனியாவின் கான்டகுசினோ என்ற மருத்துவர் கினிப்பன்றிகளுக்கு மார்ஃபின் கொடுத்து, அவற்றின் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குவது குறைந்து, தொற்று எளிதில் பிடிக்கிறது என்று காட்டியிருக்கிறார். மனிதர்களிடம் பார்த்ததற்கு ஒரு உதாரணம், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு. அபின் வகை வலி மருந்து போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நிமோகாக்கஸ் கிருமி ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவும் கடுமையான தொற்று மற்றவர்களைவிடச் சுமார் 1.6 மடங்கு கூடுதலாக இருந்தது. அளவு கூடினால் ஆபத்தும் கூடியது. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் ஒருவருக்கு இரண்டாவது தடவையும் சளி நெஞ்சில் இறங்கினால், மாத்திரையையும் ஒரு காரணமாக வைத்து டாக்டர் யோசிக்க வேண்டும். அதற்கு முதலில் மாத்திரை விஷயம் அவருக்குத் தெரிய வேண்டும். பாதிப் பேர் சொல்வதே இல்லை.

எல்லா அபின் மருந்தும் ஒரே அளவில் அடக்குவதில்லை. மார்ஃபின், ஃபென்டனில், கோடீன் கூடுதலாக அடக்கும். டிரமடால் அவ்வளவு இல்லை. போதை மீட்புச் சிகிச்சையில் தரும் ப்யூப்ரெனார்பின் மிகக் குறைவு.

குடலையும் மறக்கக் கூடாது. இந்த மருந்து போடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் நிச்சயம். குடல் அசையாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் கிருமிகளின் கணக்கு மாறுகிறது. குடல் சுவரின் இறுக்கம் தளர்ந்து கிருமிகள் ரத்தப் பக்கம் கசிவதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக விடாதீர்கள் என்று நான் வார்டில் கத்துவது இதற்குத்தான்.

பாசி தங்கச்சி, உன் கேள்விக்கு வருகிறேன். தண்ணீராலும்தான், மாத்திரையாலும்தான், ஆனால் எனக்கு அதிகம் பயம் தருவது மூன்றாவது ஒன்று. சித்தியின் மாத்திரை வலியையும் மறைக்கிறது, காய்ச்சலையும் மறைக்கிறது. எங்கள் வார்டுக்கு ஒரு பெண் வந்தார், கடல் வேலைதான். காலில் சுற்றியிருந்த பழந்துணியை நனைத்து நனைத்துப் பிரித்தேன். உள்ளங்காலில் ஒரு துளை, பருப்பு அளவுதான். சுற்றிலும் தோல் பளபளவென்று வீங்கிச் செம்பு நிறத்தில் இருந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டிக் கல் மாதிரி கையில் தட்டியது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. நாடி மட்டும் 120-க்கு மேல் ஓடியது. "வலிக்குதாம்மா" என்றால், "லேசாத்தான் கடுக்குது" என்கிறார். கீறித் திறந்தபோது கிண்ணம் நிறையச் சீழ் வந்தது. வலித்திருந்தால் முதல் நாளே வந்திருப்பார், காய்ச்சல் அடித்திருந்தால் இரண்டாம் நாள் வந்திருப்பார். இரண்டையும் மாத்திரை வாயடைத்து வைத்திருந்தது. காலைக் காப்பாற்றிவிட்டோம்.

அதனால் கடல் தண்ணீரில் வேலை செய்துகொண்டு இந்த மாத்திரை போடுகிறவர்கள் வலியையும் காய்ச்சலையும் நம்பாதீர்கள். கண்ணால் பாருங்கள். தினமும் ராத்திரி இரண்டு பாதத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கு வரைக்கும் பாருங்கள். சிவப்பு பரவுகிறதா, நெறி கட்டுகிறதா, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறதா. உப்புத் தண்ணீரில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று, ஈரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் ஒரே நாளில் கால் முழுக்க ஏறிவிடும். கொப்புளம் கறுத்துக்கொண்டு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

---

கீழக்கரை_மகன் · திங்கள், இரவு 11:20

அக்கா, இதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் உம்மாவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்று, முற்றிய நிலை. மதுரையிலிருந்து மார்ஃபின் மாத்திரை வாங்கி வந்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறோம். அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே இருப்பார்கள், இப்போது தூங்குகிறார்கள், தொழ உட்காருகிறார்கள். ஆனால் எங்கள் லாத்தா (அக்கா) "எதிர்ப்புச் சக்தி போயிடும், புற்று இன்னும் பரவும்" என்று யாரோ அனுப்பியதைக் காட்டி, பாதி மாத்திரைதான் கொடுக்கிறார். என்ன செய்வது?

---

வார்டு_அக்கா · செவ்வாய், காலை 6:10

தம்பி, உங்கள் லாத்தாவிடம் இந்தப் பதிலை அப்படியே படித்துக் காட்டுங்கள். உம்மாவுக்கு டாக்டர் எழுதிய அளவை முழுதாகக் கொடுங்கள். பாதியாக்காதீர்கள்.

தாங்க முடியாத வலியே எதிர்ப்புச் சக்தியை அடித்துப் போடும். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்காது, மூச்சை ஆழமாக இழுத்து இரும முடியாது, புரண்டு படுக்க முடியாமல் படுக்கைப் புண் வரும். அங்கேதான் நிமோனியா பிடிக்கும். மார்ஃபின் புற்றைப் பரப்பும் என்று மனிதர்களிடம் நிரூபணம் ஆனதில்லை. வளன் அப்பாவின் கணக்கு வேறு, உம்மாவின் கணக்கு வேறு. வருஷக்கணக்கில் முதுகு வலிக்குப் போடுகிறவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. உம்மாவுக்கு இந்த மருந்துதான் வழி.

கொடுக்கும்போது மலமிளக்கியும் தினமும் சேர வேண்டும். வாயில் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். உலகம் இந்த மருந்தைக் கண்டுபிடித்து இருநூறு வருஷம் ஆகிறது. நம் ஊரில் இன்னமும் வலியோடு சாகிறவர்கள் இருக்கிறார்கள், பயத்தால். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

---

மருந்தாளுநர்_ராம்நாடு · செவ்வாய், காலை 8:30

கீழக்கரைத் தம்பிக்கு ஒரு தகவல். 2014-இல் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆறையும் அத்தியாவசிய மருந்தாக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் சட்டச் சிக்கல் இல்லாமல் வைத்திருந்து கொடுக்கலாம். நீங்கள் சீட்டோடு வாங்கி வைத்திருப்பது குற்றம் இல்லை, பயப்படாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் தணிப்புச் சிகிச்சை பார்க்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

---

மண்டபம்_கரைவலை · செவ்வாய், காலை 10:02

எனக்கு ஒரு ஆதங்கம். நம் கரையைப் பற்றிப் பேப்பரில் வந்தால் அக்கரை இலங்கைக்குக் கடத்தப் பார்த்த மாத்திரை மூட்டை, ஹெராயின் பொட்டலம், இதுதான் வருகிறது. பிடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் படகில் ஏறுவதற்கு முன்னால் வலிக்குப் போடும் மாத்திரையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? என் வயசுக்காரர்களில் குறுக்கு வலி இல்லாதவனே இல்லை. ஐஸ் பெட்டி தூக்குவதும், ராத்திரி முழுக்க வலை வளைப்பதும் உடம்பை விடுமா? மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர்கள் வலிக்கு என்ன வழி என்பதையும் சொல்ல வேண்டும்.

---

தொண்டி_மீண்டவன் · செவ்வாய், மதியம் 2:45

பல நாள் இந்த மன்றத்தைப் படிக்க மட்டும் செய்தவன். இன்றைக்கு எழுதுகிறேன்.

எனக்கு மாத்திரையில் தொடங்கி ஊசி வரைக்கும் போனது. ஊசி என்றால் இன்னொருவன் போட்ட ஊசி. கையில் கட்டி கட்டியாக வரும், சீழ் வடியும், குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும். ஒருமுறை மூச்சே விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி வழியாகப் புகுந்த கிருமி இதயத்தின் வலது பக்க வால்வில் உட்கார்ந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் சிதறியிருக்கிறது என்றார்கள். வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அப்போது எடுத்த சோதனையில் ஹெபடைடிஸ் சி இருப்பதும் தெரிந்தது. எச்.ஐ.வி. இல்லை, கடவுள் புண்ணியம்.

ஹெபடைடிஸ் சி-க்கு அரசு திட்டத்தில் இலவசமாக மாத்திரை தந்தார்கள். 12 வாரம். முடித்துவிட்டுச் சோதித்தால் கிருமி இல்லை. இப்போது நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரெனார்பின் எடுக்கிறேன். வேலைக்குப் போகிறேன். "இதுவும் போதைதானே" என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். அக்கா, இதுவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமா? நிறுத்திவிடட்டுமா?

---

வார்டு_அக்கா · செவ்வாய், இரவு 9:15

தொண்டித் தம்பி, நீங்கள் எழுதியதற்கு முதலில் என் கும்பிடு. நிறுத்தாதீர்கள். நேற்றே சொன்ன மாதிரி, அந்தக் குடும்பத்தில் எதிர்ப்புச் சக்தியை மிகக் குறைவாகத் தொடுவது ப்யூப்ரெனார்பின்தான். தெருவில் ஊசி போட்டவர்கள் மெதடோனுக்கோ ப்யூப்ரெனார்பினுக்கோ மாறிய பிறகு எதிர்ப்பு அணுக்களின் வேலை சீராகி வருவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்கும் போதை, அதற்கு நடுவில் மருந்து இல்லாமல் வரும் தவிப்பு, இந்த ஆட்டமே உடம்பை அதிகம் வதைப்பது. நிலையான அளவில் அது அடங்குகிறது. ஊசி நின்றதே பெரிய காப்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா? சி குணமானது மறுபடி வராமல் காக்காது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் சொல்வதை விடுங்கள், உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த இழையைப் படிக்கும் யாருக்காவது இதே சிக்கல் இருந்தால் 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை.

மண்டபம் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. குறுக்கு வலிக்குப் பிசியோதெரபி பயிற்சி, தூக்கும் முறையை மாற்றுவது, நரம்பு வலிக்கான தனி மருந்து, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. எதுவும் மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது, அதுதான் கஷ்டம். நரம்பு வலிக்கு எழுதும் பிரிகாபலினை டிரமடாலோடு சேர்த்து நீங்களாகப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு மந்தமாகும். அதோடு மதுவும் சேர்ந்தால் படகில் தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

வளன், உங்கள் அப்பா விஷயம். மீசை தாடி குறைந்தது, சோர்வு, எழுந்தால் தலைச்சுற்றல் என்று சொன்னீர்களே, அதை வயசு என்று விட வேண்டாம். வருஷக்கணக்கில் இந்த மருந்து போடும் ஆண்கள் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்துவிடும். எலும்பு மஜ்ஜை சிவப்பணு செய்ய அந்த ஹார்மோனும் தூண்டுதல் தர வேண்டும், அது குறைந்தால் லேசான ரத்தசோகை வரும், எலும்பும் மெலியும். ரத்தத்தை இந்த மருந்து தொடும் ஒரு வழி இது. அடுத்தது அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன். நீண்ட காலம் அபின் மருந்து போட்டால் அட்ரினல் சுரப்பி மந்தமாகலாம். இதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இலேயே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருந்தால் இன்னும் மோசம், இரண்டும் ஒரே சுரப்பியை அமுக்கும். கார்டிசால் குறைவாக இருக்கும் ஆளுக்குக் காய்ச்சலோ நிமோனியாவோ வந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழும். அதனால் செட் மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்தாமல், காகிதத்தோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டத்தான் இருக்கிறது.

சளியும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காசநோயாக இருந்தால் இருமல்தான் முதலில் காட்டிக் கொடுக்கும். அபின் வகை மருந்து இருமலையே அடக்கிவிடும், கோடீன் சிரப்பின் வேலையே அது. நெஞ்சில் நோயை வைத்துக்கொண்டு இருமல் இல்லாமல் திரிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

மண்டபம்_கரைவலை · புதன், காலை 6:40

நன்றி அக்கா. நான் ஒன்று யோசித்தேன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது. மாத்திரையைக் குறைக்க நினைக்கிறவர்கள் அந்தச் சமயத்தில் தொடங்கினால் என்ன? நடுக்கடலில் கைகால் நடுங்கிக்கொண்டு வலை இழுக்க வேண்டியதில்லையே.

---

வார்டு_அக்கா · புதன், மதியம் 3:30

இது டாக்டர்களுக்கே தோன்றாத யோசனை அண்ணே, ரொம்ப நல்லது. ஆனால் 61 நாளில் முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மாதத்துக்கு 10 சதவீதம் போலக் குறைப்பது தாங்கும். தடைக்காலத்தில் முதல் இரண்டு படி இறங்கி, உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு, கடல் திறந்த பிறகு அதே வேகத்தில் தொடரலாம். டாக்டர் பார்வையில் செய்ய வேண்டும். குறைத்த பிறகு வலி கூடிய ஒரு நாளில் பழைய அளவுக்குத் தாவக் கூடாது, உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் இறங்கியிருக்கும், மூச்சு நின்றுவிடும்.

பாசி தங்கச்சி, சித்தியிடம் ஒன்று கேள். டிரமடால் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வலிப்பு வரலாம். சர்க்கரை திடீரென்று இறங்கவும் இந்த மருந்து காரணமாகும். காலையில் கஞ்சி குடிக்காமல் மாத்திரை மட்டும் போட்டுத் தண்ணீரில் இறங்குகிறாரா?

---

சின்னப்பாலம்_பாசி · புதன், இரவு 8:05

ஆமாம் அக்கா, வெறும் டீதான். இனி விடமாட்டேன். நேற்று ராத்திரி டார்ச் அடித்து அவர் காலைப் பார்த்தேன். குதிகாலில் முள் ஒன்று உள்ளேயே இருந்தது, அவருக்கே தெரியவில்லை. நாளைக்கு பாம்பன் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

---

வார்டு_அக்கா · புதன், இரவு 8:20

நீயே நோண்டி எடுக்காதே. அங்கே எடுத்துவிடுவார்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள், ஞாபகம் இல்லை என்றால் போட்டுக்கொள்ளச் சொல். என்ன மாத்திரை போடுகிறார் என்று நீயே வாயைத் திறந்து சொல், அவர் சொல்ல மாட்டார்.

---

ஏர்வாடி_மூலிகை · வியாழன், காலை 9:00

அக்கா, அந்தச் சூரணம் விற்கிறவரிடம் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார். இனி யாருக்கும் வாங்கித் தருவதாக இல்லை. என் அத்தைக்கு வாங்கிக் கொடுத்து வந்தேன், அவரையும் டாக்டரிடம் காட்டுகிறேன்.

---

வார்டு_அக்கா · வியாழன், காலை 9:35

நல்ல முடிவு அண்ணே. அத்தையிடம் அதையும் பட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், பொட்டலத்தோடு கூட்டிப் போங்கள்.

---

தங்கச்சிமடம்_வளன் · வெள்ளி, இரவு 7:50

அப்பாவைக் கூட்டிப் போனேன் அக்கா. செட் மாத்திரையைப் பார்த்ததும் டாக்டர், குட்டி வெள்ளை டெக்ஸாமெத்தசோன் மாதிரி இருக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளிக்கு டப்பா கொடுத்திருக்கிறார்கள். காலில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். திங்கள் காலை 8 மணிக்குக் கார்டிசாலுக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நிமோகாக்கஸ், ஃப்ளூ தடுப்பூசி பற்றிப் பிறகு பேசலாம் என்றார். டிரமடாலை உடனே நிறுத்த வேண்டாம், ரிசல்ட் வந்ததும் குறைக்கத் தொடங்கலாம் என்கிறார். திங்கள் காலையில் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் மாத்திரை போடலாமா?

---

வார்டு_அக்கா · வெள்ளி, இரவு 8:30

டிரமடாலை வழக்கமான நேரத்தில் போடட்டும். அந்தக் குட்டி வெள்ளை மாத்திரையை ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதை மட்டும் நாளைக்கே அந்த வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள், அது முடிவை மாற்றிவிடும். சளி டப்பாவில் எச்சில் வேண்டாம், எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். இருமல் வரவில்லை என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள், உப்புத் தண்ணீர் ஆவி பிடித்து எடுப்பார்கள். போன மழைக்காலத்து எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சீட்டும் வீட்டில் இருந்தால் திங்கள்கிழமை கையோடு கொண்டு போங்கள்.